போர்வை போட்ட கம்ப்யூட்டர்

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொன்னால் உடனே புரியும். கம்ப்யூட்டருக்கு உடை தைத்துப் போட்ட தலைமுறை நாம். மானிட்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, சிபியு பெட்டிக்கு ஒன்று. சில வீடுகளில் ஓரத்தில் லேஸ் வைத்து ரோஜாப்பூ எம்பிராய்டரிகூடப் போட்டிருப்பார்கள். இன்று நம் பிள்ளைகள் லேப்டாப்பைத் தலையணைமேல் கவிழ்த்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். நாமோ கையைக் கழுவாமல் மவுஸைத் தொட்டதற்கு முதுகில் வாங்கியவர்கள். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது.

எங்கள் வீட்டில் சிபியுவுக்குப் போட்டிருந்தது செத்துப்போன ஒருவரின் போர்வை. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முன்நெற்றியில் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகும் இதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்துக் கோடை. எனக்குப் பன்னிரண்டு வயது. கடலூர் செம்மண்டலத்தில் வீடு. பின்போர்ஷனில் மாமா இருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மாவுக்கும் அவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம். பிறந்ததிலிருந்தே அவருக்கு இளைப்பு. மழைக்காலம் வந்தால் நெஞ்சில் விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வரும். அவரைப் போர்வையால் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தன் பாவாடை சட்டைக் காலம் போய்விட்டது என்று அம்மா சொல்லுவாள். அந்தத் தம்பி வளர்ந்து வேலைக்குப் போய் முதல் காரியமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அப்புறம் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணமாகி எட்டாவது மாதம், தை மாதத்தில், சிதம்பரத்திலிருந்து பைக்கில் திரும்பும்போது லாரி மோதிப் போய்ச் சேர்ந்தார். இருபத்தெட்டு வருஷம் இளைப்பையே பார்த்துப் பயந்த அம்மாவுக்கு லாரியை நினைத்துப் பயப்படத் தோன்றவே இல்லை.

அத்தையும் கம்ப்யூட்டரும் மிச்சம். அத்தைக்கு இருபத்து நாலு வயது. சிதம்பரத்துக்காரி, அங்கேயே எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களைப் பற்றி ஆய்வேடு. அந்தப் பெண்களிடம் கேட்டு நிரப்பிய தாள்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. பெட்டியைத் திறந்தால் முந்திரித்தோல் எண்ணெயின் காரமான நெடி மூக்கில் ஏறும். சில தாள்களில் கறுப்பு விரல் அடையாளங்கள். ரேகை வைத்ததா, தாளைப் பிடித்ததில் பட்டதா என்று அத்தைக்கே நிச்சயம் இல்லை. ஜூன் முதல் வாரத்துக்குள் அத்தனையையும் டைப் அடித்து, பைண்டு போட்டுக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் பட்டம் உண்டு, ஏதாவது ஒரு காலேஜில் வேலையும் கிடைக்கலாம். கொடுக்காவிட்டால், எட்டு மாதத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள் என்கிற ஒரே பேரோடு அவள் காலம் தள்ள வேண்டியதுதான்.

பிரவுசிங் சென்டருக்குப் போய் அடிக்கலாமே என்பீர்கள். துக்கம் நடந்து வருஷம் திரும்பவில்லை, நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று அம்மா விடவில்லை. அத்தைக்கும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே முடிக்கத்தான் ஆசை. பாதி அட்டவணைகளை மாமாவே உட்கார்ந்து போட்டுக் கொடுத்திருந்தார்.

கம்ப்யூட்டரை எங்கள் நடு அறைக்குக் கொண்டுவந்தோம். மாமா ஹாஸ்டல் நாளிலிருந்து போர்த்திய நீலக்கட்டம் போட்ட தடிமனான சோலாப்பூர் போர்வை ஒன்று இருந்தது. அம்மா அதைக் கத்தரித்து, தையல் மெஷினில் வைத்து, சிபியுவுக்குத் தலையிலிருந்து கால்வரை ஒரு கவர் தைத்தாள். முன்பக்கம் மட்டும் சுவிட்சும் சிடி போடுகிற இடமும் தெரிகிற மாதிரி ஒரு சின்ன ஜன்னல். பின்னால் ஒயர்கள் போக அரையடி ஓட்டை. ஒருதரம் போட்டால் கழற்றவே வேண்டியதில்லை. அம்மாவின் மூளையை அக்கம்பக்கத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். அதைத் துவைக்கக் கூடாது என்றும் அம்மா சொல்லிவிட்டாள். விக்ஸும் தேங்காயெண்ணெயும் கலந்த மாமாவின் வாசனை அதில் இருந்தது.

மாமாவின் போட்டோ எதிர்ச்சுவரில், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சந்தன மாலை, அதன்மேல் பகலெல்லாம் எரிகிற ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு.

முதல் தடவை அது நின்றபோது நான் அத்தை பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் அடிக்க அடிக்க எண்களைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஐந்தரை இருக்கும். டக்கென்று ஒரு சத்தம். சிபியு நின்றுவிட்டது. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து போயிற்று, அப்புறம் வெறும் கறுப்பு.

"கரன்ட் பூட்ச்சா?" என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள்.

"இல்ல அண்ணி. ஃபேன் ஓடுது. இது மட்டுந்தான் நின்னுபோச்சு."

நான் மேலே பார்த்தேன். மின்விசிறி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பித் திரையைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில், அத்தையின் தோளுக்குமேல், சிவப்பு வெளிச்சத்தில் மாமாவின் முகம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் என்னை அதே இடத்தில் உட்காரவைத்துக் காட்டினார். "இது கண்ணாடி மாதிரிம்மா. எதிர்ல மாட்டியிருக்குற போட்டோ தெரியுது. அவ்ளோதான்."

"கண்ணாடிதான்," என்றாள் அம்மா. "நாம நிறுத்துனா அது வேற. தானா நின்னு யாரு மொகத்தக் காட்டுதுன்னு பாருங்க."

அதற்கப்புறம் தினமும் நின்றது. இருபது நிமிஷம், மிஞ்சினால் இருபத்தைந்து. உடனே சுவிட்சை அழுத்தினால் உள்ளே விசிறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடங்கிவிடும். அரைமணி நேரமாவது விட்டால்தான் உயிர் வரும். சேமிக்காமல் விட்டது அத்தனையும் போயிருக்கும். ஒவ்வொரு வரிக்கும் சேமித்து சேமித்து அத்தையின் இடதுகைச் சுண்டுவிரல் வீங்கிப்போனது.

நிற்பதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். அதுதான் பயங்கரம். பெட்டிக்குள் விசிறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். போர்வைக்குள்ளிருந்து கேட்பதால் அது மெஷின் சத்தமாகவே இருக்காது. யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற மாதிரி இருக்கும். அம்மா ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நிற்பாள். அவள் முகத்தைப் பார்க்காமல் நான் எண்களையே படித்துக்கொண்டிருப்பேன்.

"இழுக்குதுடி அவனுக்கு. சின்ன வயசுலயும் இப்டித்தான்," என்பாள்.

சித்திரை வெயிலில், முதன்முதலாக அப்படிச் சொன்ன மறுநாளே, அந்தப் போர்வைக்கு உள்பக்கமாக இன்னொரு துணியை வைத்துத் தைத்துப் போட்டாள் அம்மா. தம்பிக்கு இழுக்கும்போதெல்லாம் அவள் செய்தது அதைத்தானே. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் பன்னிரண்டு நிமிஷத்தில் நின்றது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது நின்றால் எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருக்கும். அந்த அரைமணி நேரம் அத்தைக்கு வேறு வேலை இல்லை. பண்ருட்டியிலிருந்து வந்த பலாச்சுளையை ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு தரையில் உட்காருவோம். மாமா அவளைப் பெண் பார்க்க வந்தபோது காபியை மடியில் கொட்டிக்கொண்டது, கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறேன் என்று சண்டை போட்டது எல்லாம் சொல்லுவாள். சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவாள். எங்கள் எதிரே கறுப்புத் திரையில் அவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

அப்பா ஒரு சர்வீஸ்காரரைக் கூட்டி வந்தார். அவர் கவரைக் கழற்றி நாற்காலிமேல் போட்டார். பெட்டியைத் திறந்து, ராம் என்கிற மெமரி அட்டையை உருவி, என் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து அழிரப்பரை வாங்கித் தேய்தேய் என்று தேய்த்தார். அரைமணி ஓடியது. ரப்பரின் மகிமையைச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா கவரை மாட்டினாள். சாயங்காலம் நின்றது. மறுநாள் வந்து பவர் சப்ளையை மாற்றினார். அதுவும் அப்படியே ஆயிற்று. கடைசியில் பெட்டியை மட்டும் தன் கடைக்குத் தூக்கிப் போனார். இரண்டு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"சார், ஒண்ணுமே இல்ல இதுல. குதுர மாதிரி ஓடுது. உங்க வூட்லதான் ஏதோ இருக்கு. எர்த்து கிர்த்து பாருங்க. ஹீட்டும் ஜாஸ்தியா இருக்கும், காத்து வுடுங்க."

எர்த்து அம்மாவின் காதில் விழவில்லை. "உங்க வூட்லதான் ஏதோ இருக்கு" என்பது மட்டும் விழுந்தது.

அவர் சொன்னபடி காற்று விட அப்பா டேபிள் ஃபேனைக் கொண்டுவந்தார். சிபியு முன்னால் வைத்தார். போர்வையைப் பார்த்தார். "இதக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து அம்மாவைப் பார்த்தார். அம்மா போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு நின்றாள், அவ்வளவுதான். அப்பா ஃபேனைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். அந்தக் கோடை முழுக்க ஒரு டேபிள் ஃபேன் ஒரு சோலாப்பூர் போர்வைக்கு விசிறிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

மே மாதக் கடைசியில் அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கிளம்பினார்கள். தம்பி அமைதியாக இருக்க வேண்டும் என்று பூவராகரிடம் வேண்டிக்கொண்டு வர. வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை குளிக்கப் போனாள். நான் ரஸ்னா கலக்கிக்கொண்டு வந்தவள், கால் தடுக்கி, டம்ளரோடு சிபியுமேல் சாய்ந்தேன். போர்வையின் தலைப்பக்கமெல்லாம் ஆரஞ்சு நிறம்.

எனக்கு உயிரே போய்விட்டது. கழற்றிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, ரஸ்னா பட்ட இடத்தை மட்டும் சோப்புப் போட்டு அலசி, மாடிக்கொடியில் போட்டேன். அத்தை கேட்டபோது அம்மாதான் வெயிலில் போடச் சொன்னாள் என்று புளுகினேன்.

அன்று பத்து மணிக்கு உட்கார்ந்த அத்தை ஐந்து மணிவரை எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் ஓடியது. விசிறிச் சத்தம் ஏறவே இல்லை. மதியம் அவள் வாயில் நான்தான் தயிர்சாதத்தை ஊட்டினேன். "ஸ்ரீமுஷ்ணத்துல வேண்டிக்கிட்டாங்க பாரு பாப்பா, உங்க மாமா மனசு எறங்கிட்டாரு," என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் சிபியுவைத் தொட்டுப் பார்த்தேன். லேசான சூடு, அவ்வளவே. சாயங்காலம் போர்வையை மாட்டிவிட்டேன். மறுநாள் பன்னிரண்டு நிமிஷத்தில் நின்றது. உடனே போர்வைக்குள் கையை விட்டேன். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது மாதிரி இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இவ்வளவு படித்த அத்தைக்கு ஏன் விளங்கவில்லை என்று கேட்பீர்கள். விளங்கிக்கொள்ள அவளுக்கு விருப்பம் இருந்திருக்காது. கோபத்திலாவது புருஷன் அந்த அறையில் இருக்கிறான் என்பது, இல்லவே இல்லை என்பதைவிட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான் ஏன் சொல்லவில்லை? ரஸ்னா ஒரு காரணம். அதைவிட, "உன் போர்வைதாம்மா" என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உன் தம்பிக்கு மூச்சு முட்டுவது உன்னால்தான் என்று சொல்வதற்கு அது சமம் என்று பன்னிரண்டு வயதிலும் தெரிந்தது.

அம்மா போர்வையை முகர்ந்து பார்த்தாள். தலைப்பக்கத்தில் மூக்கை வைத்து வெகுநேரம் நின்றாள்.

"வாசன போயிட்டிருக்கு," என்றாள்.

அன்றைக்கே அத்தையை உட்காரவைத்துப் பேசினாள். "இங்க பாரும்மா. கடையில ஓடுது. நாங்க கோயிலுக்குப் போன அன்னிக்கு ஓடுச்சு. என் எதிர்லதான் ஓடல. நீ இத முடிச்சிட்டா இந்த வூட்ட வுட்டுப் போயிடுவன்னு அவனுக்குத் தெரியுது. அவனுக்குப் புடிக்கல. வுட்டுடு."

அத்தை எதிர்த்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி அண்ணி," என்றாள். எழுந்து போய், அந்த நெடியடிக்கிற தாள்களைப் பெட்டியில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினாள். முடிச்சு இறுகியதா என்று இழுத்துப் பார்த்தாள். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. கொடுக்க வேண்டிய நாளுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

மறுநாள் காலை அம்மா குளிக்கப் போனதும் தையல் மெஷினிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். சிபியுவின் பின்பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அந்தப் பக்கத்துத் துணி முழுவதையும் மேலிருந்து கீழ்வரை வெட்டி எடுத்தேன். பக்கவாட்டில் மேஜையை ஒட்டிய இடத்திலும் ஒரு பெரிய சதுரம். முன்னாலிருந்து பார்த்தால் போர்வை போர்வையாகவே இருந்தது. வெட்டிய துண்டுகளை என் ஸ்கூல் பையின் அடியில் வைத்தேன். வெட்டும்போது விக்ஸ் வாசனை குப்பென்று வந்தது. மாமா பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் வெட்டினேன்.

பிறகு அத்தையிடம் போய், "மாமா என் கனவுல வந்தாரு. நீங்க முடிக்கணுமாம்," என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அது. அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்தாள்.

எட்டு நாள் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடியது. அம்மா தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வாசற்படியில் வந்து நின்றாள். மூச்சு ஏறவில்லை. திரை வெளிச்சமாகவே இருந்தது. அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அம்மாவுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். எட்டாம் நாள் கடைசிப் பக்கத்தை அடித்து முடித்தபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டாண்டி. உத்தரவு குடுத்துட்டுப் போயிட்டான்."

சிடியில் ஏற்றிக்கொண்டு அத்தை சிதம்பரம் போனபோது நானும் கூடப் போனேன். மேலவீதிப் பக்கம் ஒரு கடையில் பிரின்ட் எடுத்து, பச்சை ரெக்சினில் பைண்டு போட்டார்கள். தங்க எழுத்து காயும்வரை அத்தை அதைக் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே நின்றாள். கொடுத்துவிட்டு வெளியே வந்து எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். அங்கேயே தன் அப்பா அம்மாவோடு தங்கிவிட்டாள். என்னை பஸ் ஏற்றும்போது என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, "நீ கனவு கண்டியே பாப்பா, அதுக்குத்தான்," என்று சொல்லி மீதியைச் சொல்லாமல் விட்டாள். இன்று அவள் ஒரு காலேஜில் துறைத்தலைவி. நான் செய்ததில் அந்த ஒன்று மட்டும் முழுசாக நல்லது.

வீட்டுக்கு வந்தால், அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவுக்குக் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது. சுவிட்சை அழுத்த மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள். தினமும் ஐந்து மணிக்கு அழுத்துவாள். கீபோர்டைத் தொடமாட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நீலத் திரையைப் பார்த்தபடி காத்திருப்பாள். ஐந்தரை ஆகும், ஆறு ஆகும். விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் எழுந்து போவாள். நான் போய் அணைப்பேன்.

"எதுக்கும்மா தெனம் போடுற?"

"சும்மாதான்."

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அவள் திரையில் நெற்றியை முட்டிக்கொண்டு, "ஒரு தடவ வாடா," என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் பயந்தாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவள் தினமும் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

மறுநாள் காலை, அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, பையின் அடியிலிருந்து துண்டுகளை எடுத்தேன். ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த ஓட்டுத்தையல் மட்டும்தான் எனக்குத் தெரியும். ஊசி மூன்று இடத்தில் விரலில் ஏறியது. பின்பக்கத்தையும் பக்கவாட்டுச் சதுரத்தையும் இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்து முடித்தேன்.

அன்று ஐந்து மணிக்கு அம்மா சுவிட்சை அழுத்தினாள். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள் சத்தம் ஏறியது. அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. மூச்சு இழுத்தது, இன்னும் இழுத்தது, டக்கென்று நின்றது. கறுப்புத் திரையில் சிவப்பு வெளிச்சத்தோடு அவர் வந்தார். எல்லாம் நான் செய்த வேலை என்று தெரிந்தும் நான் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தேன். அம்மா கண்ணாடியில் அவர் கன்னத்தைத் தடவினாள்.

"வந்துட்டாண்டி."

அந்தக் கம்ப்யூட்டர் மறுவருஷம் ஒரேயடியாகக் கருகிப்போகும்வரை அவர் தினமும் வந்தார். ஆடியில் ஒரு நாள் அம்மா பூரித்துப்போய் என்னைக் கூப்பிட்டாள். "பாத்தியா, இன்னிக்கு எவ்ளோ சீக்கிரம் வந்துட்டான்!"

அன்று காலையில்தான் நான் என் பழைய பாவாடை ஒன்றையும் போர்வைக்கு உள்ளே வைத்துத் தைத்திருந்தேன்.